காலிப் பெட்டி

நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. கரைக்கு இன்னும் ஆறு மணி நேரம். சுற்றிலும் வேறு ஒரு விளக்குகூட இல்லாத கடல்... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நம் வெல்டரின் சித்தப்பாவுக்கு நடந்தது இது.

எண்ணெய்க் கிணற்று மேடைகளுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பலில் அவருக்கு வேலை. அன்று சிமென்ட் மூட்டைகளை இறக்கிவிட்டு, மூட்டைகள் வந்த ஆள் உயர இரும்புப் பெட்டிகளைக் காலியாக ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார்கள். சங்கிலிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்கப் பின்தளத்துக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

டொக்... டொக்... டொக்.

கடைசிப் பெட்டிக்குள்ளிருந்து. டீசல் நாற்றத்தை மீறி, ஈரத்துணியின் வாடை.

உள்ளே யாரோ ஒருவன் மாட்டிக்கொண்டான்! மூச்சு முட்டிச் செத்துவிடுவானே! மேலே ஓடினார். கேப்டன் ரேடியோவில் மேடையைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"தொண்ணூத்திநாலு பேரும் இருக்காங்களாம், எண்ணிப் பாத்துட்டாங்க. பேயா இருந்தா டிக்கெட் வாங்கச் சொல்லிட்டுப் போய்ப் படுய்யா."

"ஒரு தடவ திறந்து பாத்துரலாம் சார்."

"கதவை அடுத்த பெட்டி அடைச்சுக்கிட்டு நிக்குது. துறைமுகத்துல கிரேன் தூக்கினாத்தான் உண்டு. தளத்துல அலை வேற ஏறுது. அங்க போயிடாதே, சொல்லிட்டேன்."

சித்தப்பா போனார். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, பெட்டியின் பக்கச் சுவரில் வாயை வைத்தார்.

"பயப்படாதப்பா. நான் இங்கதான் இருக்கேன். விடிஞ்சதும் திறந்துருவோம்."

தட்டுவது நின்றது. அவர் பேச்சை நிறுத்தினால்... டொக், டொக். அதனால் பேசிக்கொண்டே இருந்தார். மகளின் பரீட்சை, மனைவியின் குறட்டை, கடவுள் யாரையும் கைவிடமாட்டார் என்பது... அலை இரண்டு முறை அவரைப் புரட்டிப் போட்டது. விரல்கள் மரத்துப்போயின. விடியும் நேரத்தில், மெல்ல ஒரே ஒரு தட்டு. அப்புறம் சத்தமே இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டான் என்று நினைத்து அழுதார்.

துறைமுகத்தில் கதவைத் திறந்தார்கள். உள்ளே யாருமில்லை. தரையெங்கும் சலித்த மாவு போல சிமென்ட் தூள். ஒரு காலடித்தடம் கிடையாது.

சித்தப்பா டார்ச்சோடு உள்ளே போனார். வெளியே அவர் வாய் வைத்துப் பேசிய இடத்துக்கு நேர் உள்பக்கம், சுவரில் படிந்திருந்த தூளில் ஒரு காது பதிந்திருந்தது.

அதன் பக்கத்தில் இன்னொன்று. மேலே, கீழே, இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு... பதினொரு காதுகள்.