பிரேக் கொக்கி

டிராக்டருக்கு இரண்டு பிரேக் பெடல்கள் உண்டு, இன்ஸ்பெக்டர் ஐயா. ஜீப் ஓட்டுகிற உங்களுக்கு அது விநோதமாகத் தெரியலாம். பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெடல். சேற்று வயலில் ஒன்றை மட்டும் மிதித்தால் அந்தச் சக்கரம் நிற்கும். மற்றது சுற்றிக்கொண்டு வரும். வண்டி நின்ற இடத்திலேயே திரும்பிவிடும். ரோட்டுக்குப் போகும்போது இரண்டு பெடலையும் ஒரு கொக்கியால் இணைத்துவிட வேண்டும். இணைக்காமல் இறக்கத்தில் மிதித்தால், ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு வண்டி குறுக்கே திரும்பிக் கவிழும்.

என் டிராக்டர் ரோட்டில் ஏறுமுன் அந்தக் கொக்கியை நானேதான் மாட்டுவேன். திக்லிபூரில் காடு வெட்டித் திருத்திய நிலத்துக்கு வந்த வண்டி. முகப்பில் எங்கள் குடும்பப் பெயர் எழுதியிருக்கிறது. டிரைவர்கள் கொக்கியைத் தொடுவதில்லை. என்னைக் கேட்பார்கள், நான் சொன்னால் நம்புவார்கள்.

மணியன் நல்ல டிரைவர். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் டீக்கடையில் ஜெகநாதன், "என்ன அண்ணாச்சி, டிரைவரையே மாப்பிள்ளை ஆக்கிட்டீங்களாமே. இனிமே சம்பளம் மிச்சம்தான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

என் மகள் சந்திரமதியிடம் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. "ஆமாப்பா. கட்டினா அவரைத்தான் கட்டுவேன்" என்றாள். நான் அடிக்கவில்லை. அவள்மேல் என் கை பட்டதே இல்லை.

மறுநாள் காலையில் மணியன் நெல் மூட்டைகளைக் கப்பல் ஜெட்டிக்கு ஏற்றிக்கொண்டு புறப்பட்டான்.

"கொக்கி மாட்டியாச்சா, மொதலாளி?"

"மாட்டியாச்சு. போ."

"டீக்கே, சரி மொதலாளி. கப்பல் வந்துருச்சாம், வெரசாப் போறேன்."

மாட்டவில்லை.

வண்டி மேட்டில் மெதுவாக ஏறியது. இறக்கம் மேட்டுக்கு அந்தப் பக்கம். பாதி மேட்டில், பாக்கு மரங்களுக்கிடையிலிருந்து சந்திரமதி வந்தாள். கையில் துணிப்பை. மணியன் கை கொடுக்க, சக்கரத்துக்கு மேலே மட்கார்டில் ஏறி உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பு சக்கரத்தில் சிக்காமல் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். பாவாடை கட்டிய வயதில் என் பக்கத்தில் அப்படித்தான் உட்காருவாள். சுருட்டச் சொல்லிக்கொடுத்தது நான்.

கூப்பிடும் தூரத்தில்தான் நின்றிருந்தேன். என் குரல் கேட்டால் மணியன் நிறுத்திவிடுவான். ஆனால் எல்லோரும் வாசலில் இருக்கும் நேரம் அது. கூப்பிட்டால், சொக்கலிங்கத்தின் மகள் டிரைவரோடு ஓடுகிறாள் என்று தெருவே எட்டிப் பார்க்கும். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

சத்தம் கேட்டதும் முதலில் ஓடியவன் நான். அவளை நானே தூக்கி வந்தேன். வேறு யாரையும் தொட விடவில்லை. கனமே இல்லை, ஐயா. அவள் அம்மா விசாலாட்சி இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு பேரையும் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். காரணம் கேட்டால் கூலித் தகராறு என்று போடுங்கள். என் மகள், போர்ட் பிளேரில் அத்தை வீட்டுக்குப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிக்கொண்டுதான் புறப்பட்டாள்.