கோகிலா சுமந்து வந்த அம்ப்ளிபயர்

பின்னேரம் ஐந்தரை மணி... ஆனால் வானத்தைப் பார்த்தால் ஏழரை என்று சொல்வீர்கள். அப்படி ஒரு இருட்டு. நிவித்திகல டவுனைத் தாண்டி, சின்னப் பாலத்தைக் கடந்து, தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு ஏறுகிற பாதை. இரண்டு மைல். ஒரு பக்கம் றப்பர், மறுபக்கம் தேயிலை. இடையில் ஒரு வீடு கிடையாது. அந்தப் பாதையில் ஒரு மனிதன் தனியாக ஏறிக்கொண்டிருக்கிறான். கையில் இரவல் குடை. காலுக்குக் கீழே பாதையே ஓடுகிறது... மண்ணும் தண்ணீருமாக.

அவன் பெயர் நல்லையா. அதற்குப் பிறகு அவன் அந்தப் பாதையில் இறங்கவே இல்லை.

நெருங்கி உட்காருங்கள். இது என் கூட்டாளி பளீலின் நானாவுக்கு, அவனுடைய அண்ணனுக்கு, நடந்தது. ஹலீம் என்று பெயர். நிவித்திகல பஸாரில் ரேடியோ, டீவி திருத்துகிற கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. பளீல் கதை கட்டுகிற ஆள் இல்லை. ஒரு தடவைதான் என்னிடம் சொன்னான். பிறகு கேட்டால் எழுந்து போய்விடுவான்.

2003, மே மாதம். அந்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

நல்லையாவுக்குத் தோட்டத்து ஃபெக்டரியில் மெஷின் திருத்துகிற வேலை. ஆனால் ஆட்கள் அவனை அறிந்தது கிட்டாரால்தான். திருவிழா, கல்யாணம், எந்த மேடையானாலும் கிட்டாரோடு நிற்பான். வாசிப்பு நன்றாக இருக்கும். சத்தம்தான் இருக்காது. அறிவிப்புச் செய்கிற ஹோர்ன் ஸ்பீக்கரில் கிட்டாரைக் குத்தினால், தகரத்தில் ஆணி இழுத்ததுபோல வரும். "எனக்குன்னு ஒரு அம்ப் இருந்தா..." என்று சொல்லிக்கொண்டே திரிவான்.

அவன் மனைவி கோகிலா அப்போது குவைத்தில், ஒரு வீட்டில் வேலை. அந்த வீட்டுப் பையன் எங்கிருந்தோ ஒரு பெட்டி வரவழைத்திருந்தான். கிட்டாருக்கான வால்வு அம்ப்ளிபயர். முழுதாக இல்லை, உதிரி உதிரியாக. புத்தகத்தைப் பார்த்து நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். அவனுக்கு இரண்டு நாளில் அலுத்துவிட்டது. பெட்டி மூலையில் கிடந்தது. மூன்று வருடம் முடிந்து கோகிலா புறப்படுகிற நேரம், உனக்கு என்ன வேண்டும் என்று வீட்டுக்காரி கேட்டாள். அவள் அந்தப் பெட்டியைக் காட்டினாள்.

பதினொரு கிலோ. விமானத்தில் பாரம் கூடிவிடும் என்று, மகளுக்கு எடுத்த பொம்மை, பால்மா டின்கள், புதுச் சாரி எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு அதைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"குவைத்துக்குப் போயி இரும்பத் தூக்கிட்டு வந்திருக்கா பாரு" என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் சிரித்தார்கள். நல்லையா சிரிக்கவில்லை. ஒரு கண்ணாடி வால்வைக் கையில் எடுத்து, குப்பி விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து... பார்த்துக்கொண்டே இருந்தானாம். "இது உள்ளுக்குள்ள மஞ்சளா எரியும் கோகிலா. பாட்டு வாசிச்சா ஆடும். நீ பாப்ப."

பெட்டியை ஹலீமிடம் கொண்டுவந்தான். வால்வு ரேடியோக்களில் கை பழகியவர் ஹலீம் ஒருவர்தான். சனிக்கிழமை தோறும் மத்தியானத்துக்குப் பிறகு நல்லையா இறங்கி வருவான். ஹலீம் ஆங்கிலப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பார். நல்லையா ஈயம் பற்றவைப்பான். ரோசின் புகை கடை முழுக்க நிற்கும். ஒவ்வொரு வயரையும் பற்றவைத்துவிட்டு ஊதுவான். பிள்ளையின் புண்ணை ஊதுவதுபோல... அப்படி ஊதுவான் என்று பளீல் சொன்னான். பலா மரப் பலகையில் பெட்டி அடித்தார்கள். இருபுறமும் இரும்புக் கைப்பிடி. ஒன்பது கிழமை போயிற்று. இன்னும் ஆறு வயர்தான் பாக்கி.

அந்தச் சனிக்கிழமை விடியலிலிருந்தே மழை. ஐந்து மணிக்கு நல்லையா கடைவாசலில் நின்று மலைப்பக்கம் பார்த்தான். மலையே தெரியவில்லை.

"நானா, இன்னிக்கி கடையிலேயே படுத்துக்கவா? பாதை ஒரு மாதிரியா இருக்கு. மிச்சத்தையும் முடிச்சிரலாம்."

அன்றைக்கு அவருடைய தங்கச்சி ஹபீலாவைப் பெண் பார்க்க பலாங்கொடையிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. வீடு நிறையப் பெண்கள். உள்ளே பிரியாணி வாசம். வெளி ஆள் ஒருவனை எங்கே வைப்பது?

"இண்டைக்கி வாணாம் மச்சான். ஊட்டுல ஆக்கள் வாராங்க... வார கிழம வா. முடிச்சிரலாம்."

"அதுக்கென்ன நானா," என்றான் நல்லையா. முகம் கோணவில்லை. ஹலீம் தன்னுடைய குடையைக் கொடுத்தார். அவன் போனான்.

பெண் பார்க்கிறவர்கள் வரவே இல்லை. பாதையில் தண்ணீர் ஏறி, வழியிலேயே திரும்பிவிட்டார்கள்.

அன்று பொழுது சாய்ந்ததும் மேல் டிவிஷனில் மலை இறங்கியது. ஒரு லயத்தின் பாதி மண்ணுக்குள் போயிற்று. நல்லையா அந்தப் பாதியில், தன் காம்பரா அறைக்குள் இருந்தான். கோகிலாவும் மகளும் பக்கத்து லயத்தில் சொந்தக்காரர் வீட்டில் இருந்ததால் தப்பினார்கள். டவுன் முழுக்க வெள்ளம். ஹலீமுக்குச் செய்தி வந்ததே மூன்றாம் நாள். ஏறிப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று பளீல் சொன்னான். ஜூன் கடைசியில், ஒரு நாள் பகல், கடையை அரைவாசி சாத்திவிட்டு அந்த ஆறு வயரையும் தானே பற்றவைத்தார். சுவிட்சைப் போட்டார். வால்வுகள் மெல்ல மெல்ல மஞ்சளாகின. சூடேறிய தூசி வாசம். ஸ்பீக்கரில் மெல்லிய ஒரு ரீங்காரம்... அவ்வளவுதான். ஒரு குறை இல்லை. பகல் முழுக்க ஓடவிட்டார்.

அணைக்காமலே அந்தி நேர மஃரிப் தொழப் போனார். திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது... உள்ளே சத்தம்.

டொக்... டொக்... டொக்...

கொஞ்சம் நிறுத்தி...

டொக்... டொக்.

பெட்டியிலிருந்துதான். மணி ஆறே முக்கால்.

ஹலீம் பயப்படவில்லை. பழுதான வால்வு சில நேரம் மைக் மாதிரி வேலை செய்யும். பக்கத்தில் ஏதாவது தட்டினால் ஸ்பீக்கரில் கேட்கும். வால்வை மாற்றினார். கேட்டது. கிட்டார் குத்துகிற ஓட்டையை அடைத்துப் பார்த்தார். கேட்டது. மூன்று... நிறுத்தி, இரண்டு. அணைத்துவிட்டுப் படுத்தார்.

மறுநாள் திரும்பவும் போட்டார். பகலெல்லாம் ஒரு சத்தமில்லை. ஆறே முக்காலுக்குத் தொடங்கியது. அதற்கு மறுநாளும் அதே ஆறே முக்கால். அன்று பளீலைக் கூப்பிட்டார்.

"ஒனக்குக் கேக்குதா?"

கேட்டது. பளீல் காதை அருகில் வைத்துக் கேட்டான். கதவைத் தட்டுகிற சத்தம் மாதிரி இல்லை. ஈரப் பலகையை... அதற்கு மேலே ஏதோ பெரிய பாரம் கிடக்க... அடியிலிருந்து தட்டுவதுபோல. அமுங்கிய சத்தம். பளீல்தான் பாய்ந்து சுவிட்சை அணைத்தான். "கழட்டிப் போடுங்க நானா. இது வாணாம்."

"அது எண்ட சாமானா? அந்தப் புள்ள குவைத்திலிருந்து சுமந்துக்கிட்டு வந்தது," என்றார் ஹலீம். "அவகிட்ட குடுக்கோணும்."

மறுநாள் பின்னேரம் பாலம் வரைக்கும் திரீவீலில் போனார்கள். அதற்கு மேலே பாதை இன்னும் சரியாகவில்லை. ஆளுக்கு ஒரு கைப்பிடி பிடித்து, நடுவில் பெட்டியைத் தொங்கவிட்டு, ஏறினார்கள். யாரும் எதிரே வரவில்லை. லயம் இருந்த இடத்தில் மலை உரித்த தோல்போலச் சிவந்து கிடந்தது. மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீர் மட்டும் முன்போலவே கொட்டிக்கொண்டிருந்தது. பிடிக்க ஆள் இல்லை.

வீடிழந்தவர்களைப் பிள்ளைக்காம்பராவில் இருத்தியிருந்தார்கள். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகிற நேரம் கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற கட்டடம். ஒரே ஹோல்தான், தனி அறை இல்லை. சாரிகளைக் கட்டி மறைத்து நான்கு குடும்பம். பினாயில் வாசமும் பால்மா வாசமும். ஒரு மூலையில் கோகிலா. மகள் மடியில் தூங்குகிறாள்.

பெட்டியைக் கண்டதும் கோகிலா எழுந்திருக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"முடிச்சிட்டீங்களா நானா?"

"முடிச்சிட்டன் தங்கச்சி. ஆனா உள்ளுக்க ஒரு சத்தம் வருது. என்னால திருத்த முடியல்ல. போடாம வச்சிக்கங்க."

"போடுங்க நானா. மஞ்சளா எரியும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நான் பாக்கவே இல்லையே."

ஹலீம் பளீலைப் பார்த்தார். பிறகு பிளக்கைக் குத்தினார். வால்வுகள் எரிந்தன. பின்பலகை இடைவெளி வழியே அந்த வெளிச்சம் சுவரில் விழுந்தது. கோகிலா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புக்கூட வந்ததாம்.

ஆறே முக்கால்.

டொக்... டொக்... டொக்...

டொக்... டொக்.

கோகிலா மகளைப் பாயில் கிடத்தினாள். அவசரப்படாமல் கிடத்தினாள். பெட்டியின் முன்னால் வந்து மண்டியிட்டாள்.

"நான் சொன்னேனே," என்றாள். ஹலீமிடம் இல்லை. மறைப்புகளைப் பார்த்துச் சொன்னாள். "அன்னிக்கே சொன்னேனே. தட்டுறாரு, தட்டுறாருன்னு. மூணு, ரெண்டு, மூணு, ரெண்டு... யாராச்சும் கேட்டீங்களா?"

மறைப்புகளுக்குப் பின்னால் பேச்சு நின்றது. ஒரு தலை வெளியே வரவில்லை.

அவள் சொல்லச் சொல்லத்தான் ஹலீமுக்கு முழுக்கத் தெரிந்தது. மலை இறங்கியது ஆறே முக்காலுக்கு. லயத்து ஆண்களும், கீழே கிராமத்துச் சிங்கள ஆட்களும் லாம்புகளோடு ஓடி வந்து தோண்டினார்கள். மேலே மண் இன்னும் சரிந்துகொண்டிருந்தது. எட்டு மணிக்கு, இனி நின்றால் நாமும் போவோம் என்று நிறுத்தினார்கள். கோகிலா மட்டும் மண்ணில் காதை வைத்துக்கொண்டு எழும்ப மாட்டேன் என்றாள். "எப்பா நங்கி, எப்பா... வேணாம் தங்கச்சி, அது மழைச் சத்தம்" என்று இழுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் காலையில் பத்து மணிக்கு அவனை எடுத்தார்கள். கதவு அவன் மேலே விழுந்து கிடந்தது.

"வலது கை..." என்றாள் கோகிலா. தன்னுடைய கையை மடக்கி விரல் முட்டிகளைக் காட்டினாள். "இந்த எடத்துல தோலே இல்ல நானா."

ஹலீம் தரையில் உட்கார்ந்துவிட்டார். "தங்கச்சி... அண்டைக்கி அவன் எண்ட கடையில தங்குறண்டு கேட்டான். நான்தான் வாணாண்டு அனுப்பின."

கோகிலா அவரைத் திட்டவில்லை. அழவும் இல்லை. "நீங்க அனுப்புனீங்க. நான் விட்டுட்டுப் போனேன்," என்றாள்.

பெட்டிக்குள் தட்டல் நிற்கவில்லை. பளீல் பிளக்கைப் பிடுங்கக் குனிந்தான். அவள் கையைக் குறுக்கே வைத்தாள்.

பிறகு... விரலை மடக்கி, பலா மரப் பலகையில் மெதுவாகத் தட்டினாள். மூன்று. நிறுத்தி, இரண்டு.

உள்ளே சத்தம் நின்றது. ஒரு மூச்சு நேரம்.

பிறகு வந்தது பாருங்கள்... கணக்கில்லாமல், இடைவெளியில்லாமல், படபடவென்று... கேட்டுவிட்டார்கள், யாரோ கேட்டுவிட்டார்கள் என்பதுபோல... பெட்டியே அதிர்ந்தது.

கோகிலா கன்னத்தைப் பலகையில் வைத்தாள். "ஏங்க... இங்கதாங்க இருக்கேன். தோண்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. இந்தா வந்துட்டாங்க. கொஞ்சம் பொறுத்துக்கங்க." திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். தூங்க வைக்கிற குரலில் சொன்னாள். "பாப்பா நல்லா இருக்குங்க. நானும் நல்லா இருக்கேன். இந்தா, இன்னும் கொஞ்சந்தான்..."

தட்டல் அடங்கி, பழையபடி மூன்றும் இரண்டுமாக வந்தது. ஹலீமும் பளீலும் அசையவில்லை. அதுவரை ஒரு நாளும் அதை முடிகிற வரைக்கும் ஓடவிட்டதில்லை. அன்றைக்கு விட்டார்கள். நேரம் போகப் போக இடைவெளி நீண்டது. மூன்று, இரண்டாயிற்று. பிறகு ஒன்று. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று... தட்டல் என்றுகூடச் சொல்ல முடியாது. கை பலகையில் விழுந்த சத்தம்.

அதற்குப் பிறகு இல்லை. வால்வுகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன.

கோகிலா பலகையிலிருந்து முகத்தை எடுக்காமலே கேட்டாள்.

"மணி எத்தன நானா?"

பளீல் கடிகாரக் கையைத் திருப்பிப் பார்த்தான்.

"ஒம்பதே கால்."



"ஒம்பதே கால் வரைக்கும் இருந்திருக்காரு," என்றாள். "நாங்க எட்டு மணிக்கே லாம்ப அணைச்சிட்டோம்."