ஆடித் தள்ளுபடியும் அரதப்பழசான குழாயும்

மருத்துவ முகாமுக்கு வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம்! டாக்டரம்மா ரத்தம் எடுக்க ஊசியைத் தயார் பண்றதுக்குள்ள ஒரு குட்டிக் கதை சொல்லிடறேன், கேளுங்க...

பக்கத்து ஊர்க் கடைவீதி. மண்ணுக்கு அடியில குடிதண்ணிக் குழாய். வயசு? அதைப் பதிக்கும்போது டைனோசர் நின்னு வேடிக்கை பார்த்துச்சாம்! ஒழுகுற இடத்துலெல்லாம் சைக்கிள் டியூபைச் சுத்திச் சுத்தி... கடைசியில இரும்பு கொஞ்சம், டியூப்தான் மிச்சம்.

நகராட்சி இன்ஜினியர் மங்கையர்க்கரசி வந்தாங்க. "புதுக் குழாய் போடணும். பன்னெண்டு நாள் வீதியைத் தோண்டணும்."

வியாபாரிகள் சங்கத் தலைவர் ஜவுளிக்கடை வைரக்கண்ணு எழுந்தார். மீசையில ரெண்டு கிளி உட்காரலாம்.

"தாராளமா தோண்டுங்கம்மா! ஆனா இது வைகாசி... முகூர்த்த மாசம்."

"ஆனியில?"

"பள்ளிக்கூடம் திறந்தாச்சே, யூனிஃபார்ம் யார் விக்கிறது?"

"ஆடி?"

"ஐயய்யோ, தள்ளுபடி!"

"ஐப்பசி?"

"தீபாவளிம்மா! நீங்க இந்த ஊர்தானா?"

இப்படியே எத்தனை வருஷம்? ஏழு வருஷம்!

எட்டாவது வருஷம், ஆடி பிறக்க மூணு நாள் இருக்கு. மூணு லாரிப் புடவை வந்து இறங்கியாச்சு. வைரக்கண்ணுக்கு வருஷத்து வியாபாரமே அந்த ஆடிதான். அவர் கடை வாசல்ல... புஸ்ஸ்! தண்ணி எழும்பின உயரத்துல பறந்துபோன பருந்து தலைகுளிச்சிட்டுப் போச்சு!

வைரக்கண்ணு கழுத்துல ரெண்டு சைக்கிள் டியூபை மாலையாப் போட்டுக்கிட்டு இன்ஜினியரம்மாகிட்ட ஓடினார். "அம்மா, ஒரு சுத்து சுத்திவிடுங்க! ஆடி தாண்டினா போதும்!"

"எதுமேல சுத்துறதுய்யா? தொட்டா மாவா உதிருது. நாளைக்கே தோண்டணும்."

மனுஷன் தலையில கைவெச்சு உட்கார்ந்துட்டார். "போச்சு... பள்ளத்தைத் தாண்டி எவ வருவா புடவை வாங்க?"

மறுநாள் ஜேசிபி வந்துச்சு. ஏங்க, நம்ம ஆளுங்களைத் தெரியாதா? ஜேசிபி தோண்டுறதை நின்னு பார்க்காமப் போனவன் தமிழ்நாட்டுல பிறந்திருக்கானா? பஸ்ஸை நிறுத்திட்டு டிரைவர் பார்த்தார், கண்டக்டர் பார்த்தார், பஸ்ஸே பார்த்துச்சு! வெயில் ஏறுச்சு. நிழல் எங்கே? வைரக்கண்ணு கடைக்குள்ள! பள்ளத்துமேல பலகை போட்டுக் குடும்பம் குடும்பமா உள்ள போனாங்க. போனவங்க சும்மா நிப்பாங்களா?

"அந்த ஊதாவை எடுங்க!"

"ஏய், அது நான் பார்த்தது!"

மூணு லாரிப் புடவை... ஒன்பது நாள்ல காலி! பன்னெண்டாம் நாள், குழியை மூடுறாங்க. வைரக்கண்ணு மூச்சிரைக்க ஓடி வர்றார்.

"அம்மா... இன்னும் ஒரு வாரம் எங்கேயாவது தோண்ட முடியாதா?"

சிரிக்கிறீங்க... சிரிங்க. மூணாவது வரிசை அண்ணே, சர்க்கரை பாருங்கன்னா "பொங்கல் முடியட்டும்"னு சொன்னது யாரு? நெஞ்சை அடைச்சா சோடா குடிச்சே சமாளிக்கிற அக்கா யாரு? கெட்ட சேதி வந்துடுமோன்னு பயம்... அவ்வளவுதானே? வைரக்கண்ணு ஏழு வருஷம் பயந்தது பன்னெண்டே நாள்ல முடிஞ்சுது. அந்தக் குழாய் வெடிச்சப்போ மாத்த நகராட்சி இருந்துச்சு. உங்க ரத்தக்குழாய்க்கு எந்த நகராட்சி வரும்?

சட்டைக் கையை மடிச்சுவிடுங்க... டாக்டரம்மா ரெடி!