மாத்திரை உறையில் வெளிவந்த புதினம்

நடுநாயகமாக வீற்றிருந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தை நோக்கத் தொடங்கிவிட்ட அவைத்தலைவர் அவர்களே! நல்ல சொல் கேட்டால் நாளெல்லாம் அமர்ந்திருக்கும் சான்றோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடும் அவைக்கு வந்து அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! எழுதி முடித்த கதையைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு அச்சேற்ற அஞ்சிக் கிடக்கும் தோழர்களே! இன்றைய நூலாசிரியராகிய மருந்துக்கடைக்காரரே! முன்வரிசையில் அமர்ந்து, "இவர் எதையெல்லாம் சொல்லப் போகிறாரோ" என்று என்னை முறைத்துக்கொண்டிருக்கும் அவருடைய துணைவியாரே! அனைவருக்கும் என் நெஞ்சம் நிறைந்த வணக்கம்.

இந்தப் புதினத்தை எந்தப் பதிப்பகமும் வெளியிடவில்லை. எழுதியவரே அச்சிட்டு, எழுதியவரே வெளியிடுகிறார். நல்லது. ஆனால் பதிப்பகம் இல்லாத எழுத்தாளருக்குத் திருத்திக் கொடுப்பவர் யார்? தட்டிக் கேட்பவர் யார்? வெட்டிக் கொடுப்பவர் யார்? நம் மருந்துக்கடைக்காரர் தேர்ந்தெடுத்த ஆசிரியர் குழுவைக் கேட்டால் நீங்கள் திகைப்பீர்கள். அவருடைய குடும்பம்!

பகல் வேளையில், கூட்டமில்லாத நேரத்தில், இருமல் மருந்துப் புட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அவர் எழுதினார். என்ன கதை? ஒரு வீட்டின் கதை. விருந்துக்கு வந்து, சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, திரும்பிப் போகவே மறந்த மைத்துனன் ஒருவன். யாருடைய சாவுக்குப் பிறகு வீட்டைப் பங்கு போடுவதில் பூசல் வெடிக்கிறதோ, அந்த மாமியார். பிறகு, ஒரு மனைவி. ஒரு நாள் பிற்பகலில் யாரிடமும் சொல்லாமல் பேருந்தில் ஏறுகிறாள். கடைசி நிறுத்தம் வரை போகிறாள். திரும்பி வந்து எல்லார்க்கும் உணவு பரிமாறுகிறாள். "எங்கே போனாய்?" என்று ஒருவரும் கேட்கவில்லை! அந்தப் பேருந்து அத்தியாயந்தான் புதினத்தின் உயிர்நிலை. அதை நெஞ்சில் இருத்திக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்தார். ஒரே படி, கையெழுத்துப் படி. இனித் திருத்த வேண்டுமே! இரவு உணவின்போது அத்தியாயம் அத்தியாயமாக வாய்விட்டுப் படித்தார். முதலில் எழுந்தது மாமியாரின் குரல்.

"மாப்பிள்ளை, அந்தம்மா ஏன் சாகுறாங்க?"

"கதைக்குத் தேவைப்படுது அத்தை."

"கதைக்குத் தேவைன்னா வேற யாரையாவது சாகடிங்க. நான் என்ன பாவம் பண்ணேன்? இன்னிக்குக் காலையிலகூட உங்க சட்டைக்குப் பட்டன் தைச்சுக் குடுத்தேனே!"

பட்டன் தைத்த கையை எப்படிக் கொல்வது? இறந்தவர் எழுந்தார். எழுந்தவர் சும்மா இருந்தாரா? அத்தியாயந்தோறும் அறிவுரை வழங்கினார்! அவர் வாழ, வீட்டுப் பூசல் மாண்டது.

அடுத்து மைத்துனர்.

"மாமா, அந்த ஆணி நம்ம வீட்டு ஆணிதானே?"

"எல்லா வீட்லயும் ஆணி இருக்கும் மாப்ளே."

"எல்லா ஆணியிலயும் நீலச் சட்டை தொங்குமா மாமா?"

கேட்டவர் உடுத்தியிருந்தது என்ன நிறம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதோ, மூன்றாம் வரிசையில் கையைத் தூக்குகிறார். இன்றும் அதே சட்டைதான்! போகட்டும். வில்லன் நல்லவனானான். புதினத்தில் வந்தான், வணங்கினான், வந்த வண்டியிலேயே ஊர் திரும்பினான்!

மனைவியோ எதுவுமே சொல்லவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சொல்லால் அடிப்பவரிடம் சமாதானம் பேசலாம். சொல்லாமல் போகிறவரிடம் என்ன பேசுவது? அஞ்சினார் நம் ஆசிரியர். மனைவி கேட்பதற்கு முன்பே, அந்தப் பேருந்து அத்தியாயத்தைத் தம் கையாலேயே உருவி எடுத்துவிட்டார்.

எஞ்சிய புதினத்தை என்னிடம் கொண்டுவந்தார். படித்தேன். யாரும் சாகவில்லை. யாரும் சண்டையிடவில்லை. யாரும் எங்கும் போகவில்லை. கதிரவன் எழுகிறான், கதிரவன் விழுகிறான், இடையில் அனைவரும் நலம்! "ஐயா, இந்த நூல் வெளிவந்தால் உம் கடையில் தூக்க மாத்திரைக்கு வேலையே இருக்காது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவையோரே, நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்திருந்தால் சிரித்திருக்க மாட்டீர்கள்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். "சுருக்கவும்." சுருக்கத்தைப் பற்றித்தானே ஐயா பேசிக்கொண்டிருக்கிறேன்!

சரி, உருவிய தாள்கள் எங்கே போயின? அதில்தான் விந்தை. உதிரி மாத்திரைகளைச் சின்னத் தாளுறையில் போட்டுக் கொடுப்பது அந்தக் கடையின் வழக்கம். கழிவுத்தாளை வெட்டி, மடித்து, பசை தடவி உறை செய்பவர் அவருடைய துணைவியாராகிய அந்த அம்மையார். கழித்துப்போட்ட கதைத் தாள்களும் அந்தக் குவியலில்தான் விழுந்தன.

சில நாள் சென்று, ஒரு பள்ளிக்கூட ஆசிரியை கடைக்கு வந்தார்.

"காய்ச்சல் விட்டுடுச்சா டீச்சர்?"

"அது கெடக்கு. அவ பஸ்ல ஏறினாளே, அப்புறம் என்ன ஆச்சு?"

"எவ?"

"உங்க கவர்ல ஏறினவ!"

விழித்தார் நூலாசிரியர். அவர் விழித்து முடிப்பதற்குள், முடிதிருத்தும் நண்பர் வந்து நின்றார்.

"தலைவலி மாத்திரை ஒண்ணு குடுங்கண்ணே."

"ரொம்ப வலிக்குதா?"

"வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. அந்த நீலச் சட்டைக்காரன் வர்ற கவரா பாத்துக் குடுங்க. என்னா ஆளுண்ணே அவன்! சலூன்ல எல்லாரும் அவனைத்தான் திட்டிட்டிருக்கோம்!"

உள்ளறையிலிருந்து ஓடிவந்தார் மைத்துனர். சினந்தாரா? இல்லை! மார்பை நிமிர்த்தினார். "அது நான்தாங்க! முன்னாடி ஒரு பக்கம் இருக்கு, அதுல இன்னும் மோசமா இருப்பேன்!" என்றார். அன்று முதல் தம்மை நல்லவனாக்கியது பெரும் அநீதி என்று முழங்கத் தொடங்கினார்.

ஆசிரியரோ உறையைக் கையில் எடுத்துப் பார்த்தார். தாளின் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் வெறுமை. வெறும் பக்கம் வெளியே இருக்கும்படி மடிப்பதுதானே முறை? எந்த உறையிலும் அப்படி இல்லை. எழுத்தே வெளியே இருந்தது! உள்ளே போனார். துணைவியார் பசைக் கிண்ணத்தோடு அமர்ந்திருந்தார்.

"என்ன இது, எழுத்தெல்லாம் வெளிய தெரியுது?"

"தெரியணும்னுதான் மடிச்சேன்."

"படிச்சியா?"

"ஒட்டுறவ படிக்காமலா ஒட்டுவா?"

"உன் மனசு கஷ்டப்படும்னுதான் அதை எடுத்தேன்."

"அந்த பஸ்ல போனது நான். திரும்பி வந்ததும் நான். போனதை யாருமே பாக்கலைன்னுதான் இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன். அதுல என் செருப்பு வாரு அறுந்திருந்ததை எழுதியிருக்கீங்க. பின்னு குத்தி நடந்ததை எழுதியிருக்கீங்க. அப்போ நீங்க கடையில இருந்து பாத்திருக்கீங்க. கேக்கத்தான் வாய் வரல. சரி, எழுதவாவது செஞ்சீங்களேன்னு இருந்தேன். அதையும் கிழிச்சுப் போட்டா, மறுபடியும் யாருமே பாக்கலைன்னுதானே ஆகும்?"

அவையோரே! திருத்தம் திருத்தம் என்கிறோமே, எது திருத்தம்? வலிப்பதை வெட்டுவதா திருத்தம்? வீட்டார் முகம் கோணாமல் காப்பதா திருத்தம்? பொய்யை வெட்டு! பூச்சை வெட்டு! கண்டதை மட்டும் வெட்டாதே! கண் கண்டதை வெட்டினால், கண்ணையே வெட்டியதாகும்!

கைதட்டலுக்கு நன்றி. மைத்துனரே, போதும், அமருங்கள்.

பிறகென்ன? தெருத்தெருவாக உறைகளைத் திரும்பக் கேட்டார் ஆசிரியர். எல்லாரும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு பக்கத்தில் இருமல் மருந்து கொட்டியிருந்தது, இன்னொன்றில் குழந்தை படம் வரைந்திருந்தது. பசையை ஈரத்துணியால் நனைத்துப் பிரித்து, வரிசைப்படுத்தி, எதிரெதிரே உட்கார்ந்தார்கள் கணவரும் மனைவியும். அங்கேதான் உண்மையான திருத்தம் தொடங்கியது.

"இந்தச் சூரியன் எதுக்கு ஒவ்வொரு அத்தியாயத்துலயும் உதிக்குது?"

"அழகா இருக்கட்டும்னுதான்."

"அது தானாத்தான் உதிச்சிட்டு இருக்கு. நீங்க விடுங்க."

கதிரவன் மறைந்தான்! மாமியாரும் இசைந்தார், ஒரு நிபந்தனையோடு: "சரி, சாகுறேன். ஆனா எல்லாரும் நல்லா அழணும். முக்கியமா நீங்க, மாப்பிள்ளை." எழுதினார். தாம் இறக்கும் அத்தியாயத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்ட அந்தப் பெருமாட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், நல்ல பொம்பளை" என்றார்!

கடைசியாக, அந்தப் பேருந்து அத்தியாயம். ஏறியதைக் கண்டவர் ஆசிரியர். திரும்பியதைக் கண்டவர் ஆசிரியர். கடைசி நிறுத்தத்தில் நடந்ததை அவர் கண்டாரா? காணவில்லை. ஆகவே கற்பனையை அவிழ்த்துவிட்டிருந்தார். அந்தி சிவக்க, கடற்காற்று வீச, அவள் விம்மினாள், வெடித்தாள், விழிநீர் வெள்ளமானாள் என்று இரண்டு பக்கம்! நானே எழுதியதுபோல அத்தனை அழகு!

அம்மையார் படித்தார். எழுதுகோலை எடுத்தார். அந்த இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே ஒரே கோடு.

"நான் அழவே இல்ல. ஒரு பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சேன். யாரும் எதுவும் கேக்கல. நல்லா இருந்தது. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். எழுதுங்க."

எழுதினார். அந்தச் சில வரிகள் இந்த நூலில் அப்படியே இருக்கின்றன. படித்துப் பாருங்கள், என் நாற்பது நிமிட முழக்கம் நாணித் தலைகுனியும்.

தலைவர் அடுத்த சீட்டை அனுப்பவில்லை, எழுந்தே நின்றுவிட்டார். இந்தப் பேச்சுக்கு ஓர் உச்சம் எழுதி வைத்திருந்தேன் அவையோரே! கடல் பொங்கும், எரிமலை சீறும், எழுத்தாளன் விண்ணளப்பான் என்று இரண்டு பக்கம். மேடையேறும் முன் முன்வரிசையில் இருக்கும் அந்த அம்மையாரிடம் காட்டினேன். அவர் கையில் எழுதுகோல் இருந்தது.

ஆகவே, நூலாசிரியருக்கு வாழ்த்து, அதைத் திருத்தியவருக்கு வணக்கம், பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. அவ்வளவுதான்.