பாசமிகு முதலாளிக்கு ஒரு பேனர்

– இந்த மூஞ்சிய கொஞ்சம் சிரிக்கிற மாரி பண்ண முடியுமா தம்பி?

– யாரு மூஞ்சியக்கா?

– பதினோரு மூஞ்சியும்தான். கல்யாண வாழ்த்துல உம்முன்னு இருந்தா நல்லாவா இருக்கும்?

– பாஸ்போர்ட் சைஸ் போட்டோல எல்லாரும் இப்டிதாங்க்கா இருப்பாங்க. சிரிக்க வைக்கறதுக்கு ஆப் இருக்குது. ஆனா வேற எவனோட பல்லோ வந்து ஒக்காந்துக்கும்.

– வரட்டுமே. ரெண்டாவது வரிசைல கடைசி ஆளுக்கு முன்பல்லே இல்ல. அவரு பொண்டாட்டி பாத்தா சந்தோசப்படுவா.

– சரி, சைஸ் சொல்லுங்க. பத்துக்கு எட்டு போட்டுக்கலாமா?

– மண்டபத்து வாசல்ல பொண்ணூட்டு பேனரு இன்னா சைஸு?

– இருவதுக்கு பத்து. நம்ம கடைலதான் நேத்து அடிச்சோம்.

– அப்ப இதுவும் இருவதுக்கு பத்து. அதுக்கு நேரெதிர்ல நிக்கணும். ஞாயித்துக்கெழம அவரு கார்லேருந்து எறங்குனா இதுதான் மொதல்ல கண்ணுல படணும்.

– யாரு, துரைக்கண்ணு சாரா?

– அவரேதான். உகாண்டால முப்பது போர்வெல் வண்டி ஓட்டறவரு. பொண்ணு கல்யாணத்துக்கு நாளன்னிக்கி வந்து எறங்கறாராம். அவரு பாஸ்போர்ட்ட அவரே வச்சிக்கினு இருக்காரு, அதான் நெனச்சா வர்றாரு.

– நீங்க அவருக்கு சொந்தங்களாக்கா?

– நல்லா கேட்ட போ. எங்கூட்டுக்காரரு வேங்கடேசன் அவராண்டதான் வேல செய்யறாரு. மொத வரிசைல ரெண்டாவது போட்டோ, காது பெருசா தெரியுது பாரு, அவருதான். இந்தப் பதினோரு பேரும் அங்கதான் கெடக்கறாங்க.

– நல்ல கம்பெனின்னு சொல்றாங்களே.

– யாரு சொன்னா?

– பொதுவா பேசிக்கிறாங்க. நீங்க மேட்டர சொல்லுங்கக்கா, டைப் பண்றேன்.

– எழுது. “மணமக்கள் வாழ்க.” பொண்ணு பேரு கலைமதி. அத்த நல்லா பெருசா, சுத்தி ரோஜாப்பூ வச்சி எழுது. அந்தப் பொண்ணு ஒரு பாவமும் அறியாது. ஒரு வாட்டி இங்க அவங்கப்பா ஆபீசு வாசல்ல நான் நின்னுக்கினு இருந்தப்ப உள்ளேருந்து சேர் எடுத்தாந்து போட்டுச்சி.

– ரோஜா வச்சாச்சி. அடுத்து?

– “நேரில் வர முடியாமல் வருந்தும் பதினோரு பேரின் அன்பு வாழ்த்துகள்.”

– ஏங்க்கா வர முடியல? லீவு குடுக்கலியா?

– அதான் அடுத்த வரி. “எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் பீரோவில் பூட்டிப் பத்திரமாகப் பாதுகாத்து வரும் பாசமிகு முதலாளி அண்ணன் துரைக்கண்ணு அவர்களுக்கு நன்றி.”

– அக்கா.

– இன்னா, எழுத்து எடம் கொள்ளலியா?

– இத்த அடிச்சா என் ஓனரு என்ன மொதல்ல கடைய வுட்டு தொரத்துவாரு. அப்புறம் அவங்க ஆளுங்க வந்து கடையவே ஒடைப்பாங்க.

– எதுக்கு ஒடைக்கணும்? இதுல திட்டி ஒரு வார்த்த இருக்குதா? பாசமிகுன்னு போட்டுருக்கேன். பத்தலன்னா பாசத்தின் சிகரம்னு போட்டுக்கோ. திட்டி வச்சா விடியறதுக்குள்ள கிழிச்சி எறிஞ்சிடுவானுங்க. வாழ்த்து பேனர எவன் தொடுவான்? நடுவுல அவரு போட்டோவ பெருசா வை, கும்புட்டுக்கினு நிக்கட்டும். பொண்ணு கல்யாணத்தன்னிக்கி தன் மூஞ்சிய தானே கிழிச்சிக்குவாரா?

– நல்லா யோசிச்சிதான் வந்துருக்கீங்க.

– யோசிக்கறதத் தவுர வேற இன்னா வேல? ரெண்டு வருச காண்ட்ராக்ட்டுன்னு போனாரு. அது முடிஞ்சி பதினாலு மாசம் ஆவுது. ஊருக்குப் போறேன்னு கேட்டா, மாத்தாளு வந்தாதான் பீரோவ தெறப்பேங்கறாரு.

– மாத்தாளுன்னா?

– இங்கேருந்து ஒருத்தன் போவணும். அவன் பாஸ்போர்ட்டு பீரோக்குள்ள போனா, எங்கூட்டுக்காரரு பாஸ்போர்ட்டு வெளிய வரும். கேஸ் சிலிண்டர் மாத்தறாங்க இல்ல, அந்த மாரிதான். ரொம்புனது உள்ள போவும், காலியானது வெளிய வரும்.

– அந்த ஊரு போலீசுல எழுதிக் குடுக்கலாமேக்கா?

– ஒரு வாட்டி லாரி ஏறி டவுனுக்குப் போயி குடுத்தாரு. கம்ப்ளெயின்ட்டு எழுதணும்னா மொதல்ல பாஸ்போர்ட்ட காட்டுன்னாங்களாம்.

– பாஸ்போர்ட்ட காணோம்னு சொல்லத்தான போனாரு.

– அத்த இங்கிலீசுல சொல்லத் தெரியாம திரும்பி வந்துட்டாரு. நான் இங்க சும்மா இருந்தேனா? மூணு எடத்துல மனு குடுத்தேன், மூணு நம்பர் குடுத்தாங்க. அப்பதான் விழுப்புரத்துல ஒரு மண்டபத்துல கூட்டம் போட்டாங்க, வெளிநாடு போன தொழிலாளிங்க பாதுகாப்புன்னு. நாங்க ஆறு பொம்பளைங்க போனோம். நல்ல கூட்டம். கேசரில முந்திரி போட்டுருந்தாங்க.

– கேசரிய வுடுங்கக்கா. இன்னா சொன்னாங்க?

– டெல்லிலேருந்து ஒரு சாரு வந்துருந்தாரு. ஐ.நா. சபைல ஒரு ஒப்பந்தம் இருக்குதாம், தொண்ணூறுல போட்டது. அதுல இருவத்தொண்ணாவது சரத்து. சட்டப்படி அதிகாரம் இருக்கற சர்க்கார் ஆளத் தவுர வேற எவனும் ஒருத்தன் பாஸ்போர்ட்ட புடுங்கி வச்சிக்கக் கூடாது. உகாண்டா அதுல சேந்துருக்குது.

– அப்ப மேட்டர் முடிஞ்சிதே.

– நானும் எழுந்து நின்னு அதான் சொன்னேன். சாரு தண்ணி குடிச்சாரு. அப்புறம் சர்வதேச தொழிலாளர் அமைப்புல தொண்ணூத்தேழுன்னாரு, நூத்தி நாப்பத்திமூணுன்னாரு. பஸ்ஸு நம்பர் கணக்கா ஒவ்வொண்ணா வந்துது, நமக்கு ஏறத்தான் ஒண்ணும் நிக்கல. ஆப்பிரிக்க யூனியன்னு எல்லா நாடும் சேந்து ஒண்ணு வச்சிருக்காங்களாம். அவங்களும் இதுக்குன்னு ஒரு ப்ரேம்வொர்க் போட்டுருக்காங்களாம்.

– ப்ரேமா? நாம பேனருக்கு சவுக்குக் கட்டைல அடிப்போமே, அந்த மாரியா?

– எனக்கும் அதான் ஞாபகம் வந்துது. ப்ரேம் சரிங்க சார், பேனர யாரு கட்டுவாங்கன்னு கேட்டேன். நல்ல கேள்விம்மான்னு நோட்டுல எழுதிக்கினாரு. இன்னும் வச்சிக்கினுதான் இருப்பாரு.

– நம்ம இந்தியா அந்த ஐ.நா. ஒப்பந்தத்துல சேந்துருக்குதா?

– இல்லியாம்.

– உகாண்டா சேந்துருக்குது, நாம சேரலியா?

– அதான் சொல்றேன். ஆப்பிரிக்கான்னா சட்டம் கிட்டம் ஒண்ணும் இருக்காதுன்னு நானும் இத்தன நாளா நெனச்சிக்கினு இருந்தேன். அவன் பாவம், ஒழுங்கா கையெழுத்து போட்டு வச்சிருக்கான். பூட்டு போட்டவன் நம்மூரு மரக்காணம் ரோட்டுக்காரன்.

– சட்டம் இருந்தே ஒண்ணும் நடக்கல. இந்த பேனர வச்சி நீங்க இன்னாக்கா பண்ணப் போறீங்க?

– நீ கல்யாணமாவாத பையன், உனக்குத் தெரியாது. ஐ.நா. கேட்டா அவரு பதில் சொல்ல மாட்டாரு. சம்பந்தி கேட்டா சொல்லித்தான் ஆவணும். மாப்ளையூட்டுக்காரங்க விக்கிரவாண்டிலேருந்து நாலு பஸ்ஸு வச்சிக்கினு வர்றாங்க. வாசல்ல செருப்ப கழட்டறப்ப எல்லாரும் பேனரதான் படிப்பாங்க. இன்னாங்க சம்பந்தி, எவன் பாஸ்போர்ட்டயோ நீங்க எதுக்குப் பூட்டி வச்சிருக்கீங்கன்னு அந்த மனுசன் ஒரு வார்த்த கேட்டா போதும். கீழ “இவண்”னு வர்ற எடத்துல ஐ.நா. ஒப்பந்தம், சரத்து 21னு போடு. படிச்சவன் போன்ல தேடிப் பாத்துக்குவான்.

– அங்க... வேல எப்டிக்கா? கஷ்டமா?

– இரு, அவரு போன வாரம் அனுப்புன வாய்ஸ போடறேன், நீயே கேளு.

– “காந்தி, நான்தான். காய்ச்சல் வுட்டுடுச்சி, பயப்படாத. இங்க மல்லாக்கொட்டைய அரைச்சி கொழம்பு வைக்கறாங்க, சும்மா சொல்லக் கூடாது, நம்மூரு கொழம்பு தோத்துடும். சங்கவி பரிச்ச எழுதிட்டாளா? வீடியோல பாத்தா ரொம்ப வளந்துட்டா. நான் வந்து நின்னா என்ன அவளுக்கு அடையாளம் தெரியுமா? சரி, டவரு போவுது, வச்சிடறேன்.”

– காய்ச்சல்னா?

– மலேரியா. மூணு வாட்டி வந்துடுச்சி. சங்கவிக்கு ஆறு வயசுல போனாரு. இப்ப ஒம்போது. அப்பா எந்த போட்டோன்னு கேட்டா கரெக்டா காட்டறா. காதுதான் அடையாளம்.

– அவர இங்கேருந்து இன்னா வேலன்னு சொல்லி அனுப்புனாங்க?

– ஸ்டோர் கீப்பரு. ஏசி ரூமு, கம்ப்யூட்டரு, வர்ற போற சாமான எழுதி வைக்கற வேலன்னானுங்க. போயி எறங்குன மறுநாளே போர் போடற எடத்துல ராடு தூக்க வுட்டானுங்க. மூணு வருசமா தூக்கிக்கினு இருக்காரு.

– ஸ்டோர் கீப்பரா.

– ஏன், கை நின்னுபோச்சி? கரண்டு போயிடுச்சா?

– இல்லக்கா. சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோ. மாத்தாளு கெடைக்கவே இல்லியா இவ்ளோ நாளா?

– ஆபீசுல ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ஒரு ஆள சொல்றான். நான் பேனரு வைக்கப் போறேன்னு எவனோ போட்டுக் குடுத்துட்டான் போல, நேத்துகூட கூப்ட்டு சொன்னான். ஆளு ரெடி, திண்டிவனத்துப் பையன்தான், திங்கக்கெழம ப்ளைட்டு, நீ பேனரு கீனருன்னு அலையாம இரு, அடுத்த வாரம் உன் புருசன் வூட்ல இருப்பாருன்னு.

– நம்புனீங்களா?

– இது ஆறாவது பையன். மொத அஞ்சு பேரும் பொறக்கவே இல்ல. ஆனாலும் மனசு கேக்கல. மயிலம் முருகனுக்கு வேண்டிக்கினேன். அவன் எவனா இருந்தாலும் சரி, ஜல்தியா போயி சேரட்டும், நான் மொட்ட போட்டுக்கறேன்னு.

– போயி சேரட்டும்னா வேண்டிக்கினீங்க?

– ப்ளைட் ஏறி போயி சேரட்டும்னு. நல்ல மனசோடதான். புருசன் வரணும்னு நெனைக்கறவ வேற எப்டி வேண்டிக்குவா? முருகனும் மனு வாங்கி நம்பர் குடுத்துட்டாரு போல, ஒரு தகவலும் இல்ல.

– அவரு பாஸ்போர்ட்ட எங்கக்கா வாங்குனாங்க? அங்க போனப்புறமா?

– இங்கயே வாங்கிட்டான், இந்தத் திண்டிவனம் ஆபீசுல. விசா அடிக்கணும் குடுன்னான். அதுக்கப்புறம் ஏர்போர்ட்டுல மேனேஜர் கைலதான் பாத்தாராம். தம்பி, உனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா? மூஞ்செல்லாம் வேத்துக்கினு இருக்குது.

– நேத்து நானும் குடுத்தேன்க்கா.

– இன்னாத்த?

– பாஸ்போர்ட்ட. பொண்ணூட்டு பேனர் டிசைன காட்டறதுக்கு ஆபீசுக்குப் போனேன். ப்ளெக்ஸ் தொழில்தான் படுத்துக்கிச்சே, எத்தன நாளு இத்த கட்டிக்கினு அழுவேன்னு மேனேஜர் கேட்டாரு. போன மாசத்துலேருந்தே கேட்டுக்கினு இருந்தாரு. ஸ்டோர் கீப்பர், ஏசி ரூம், கம்ப்யூட்டர்னாரு. விசா அடிக்கணும்னு வாங்கி டிராயர்ல வச்சி பூட்டுனாரு. திங்கக்கெழம ப்ளைட்டு.

– உன் பேரு இன்னா?

– கோகுலகிருஷ்ணன்.

– எந்த ஊரு?

– இதே திண்டிவனந்தான். ரோசணை.

– அப்ப அவன் சொன்ன ஆறாவது பையன் நீதான்.

– அக்கா, ஏன் போட்டோவெல்லாம் எடுத்து அடுக்கறீங்க?

– இரு. நிஜமாவே ஒருத்தன் இருப்பான்னு நான் நெனைக்கவே இல்ல.

– நீங்க இத்த அடிக்காம போயிட்டா அவரு வந்துடுவாருல்ல?

– வந்துடுவாரு. நான் இந்த போட்டோவெல்லாம் பைல போட்டுக்கினு, ஒண்ணும் தெரியாத மாரி பஸ் ஏறிட்டா, அடுத்த வாரம் சங்கவி ஸ்கூல் வுட்டு வரப்ப அவரு வாசல்ல நிப்பாரு. உங்கம்மா இருக்கறாங்களா?

– இருக்காங்க. நேத்து பாஸ்போர்ட் குடுத்துட்டு வந்தேன்னு சொன்னதும் நேரா மயிலம் போயிட்டாங்க. நான் நல்லபடியா போயி சேரணும்னு மொட்ட போட்டுக்கினு வந்துருக்காங்க.

– அந்தம்மா போட்டே வுட்டாங்களா?

– ஆமாக்கா. தலைல சந்தனம் பூசிக்கினு ஒக்காந்துருக்காங்க.

– தம்பி.

– சொல்லுங்கக்கா.

– அந்தப் பதினோரு பேருங்கறத அழிச்சிட்டு பன்னெண்டு பேருன்னு போடு. உன் போட்டோவ எங்கூட்டுக்காரரு பக்கத்துல வை.