யாரோ இப்போதுதான் எழுந்து போன வீடு

கடைசியாக வந்தவன் கதவைச் சாத்து. பயத்துக்கு இல்லை, கொசுவுக்கு.

மணி ஆறே முக்கால்... மழை அப்போதுதான் விட்டிருந்தது. நகரத்துக்கு நடுவில்தான் அந்தத் தெரு. ஆனால் இரண்டு பக்கத்து மரங்களும் மேலே கை கோத்துக்கொண்டு தெருவிளக்குகளை முழுங்கிவிட்டன. வெளிச்சம் இலையோடு நின்றுவிடும், தரைக்கு வராது. ஆள் நடமாட்டம் கிடையாது. அந்தத் தெருக்காரர்கள் எதிர் வீட்டுக்குப் போனாலும் காரில்தான் போவார்கள். சொட்... சொட்... என்று இலைத் தண்ணீர். அதற்கு நடுவில் ஒரே ஒரு ஜோடிச் செருப்புச் சத்தம்.

அது நம்ம ஹாஸ்டல் கண்ணாடிக்காரனின் சித்தி. நம்பாதவன் அவனையே கேட்டுக்கொள்ளலாம். போர்வைக்குள் இருக்கிறான்.

சித்தியின் வேலை கொஞ்சம் விசித்திரமானது. விற்கப் போகிற வீடுகளை ஜோடிப்பாள். காலி வீட்டை யாரும் வாங்க மாட்டார்கள். அங்கே யாரோ சந்தோஷமாக வாழ்கிறார்கள் என்று தெரிந்தால்தான், அவர்களைத் துரத்திவிட்டு நாம் வாழ வேண்டும் என்று மனிதனுக்குத் தோன்றும். அதனால் வாடகைக்குச் சாமான் கொண்டுவந்து போட்டு, சித்தி ஒரு பொய்க் குடித்தனம் நடத்துவாள். சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலியை மட்டும் ஒரு சாண் இழுத்து, வாசல் பக்கமாகத் திருப்பி வைப்பாள். கட்டிலடியில் ஒரு ஜோடிச் செருப்பு. பாதியில் கவிழ்த்த நாவல். நாற்காலிக் கையில் சாம்பல் நிறச் சால்வை. தலையணையில் முழங்கையால் ஒரு அழுத்து... பள்ளம். யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருக்கும்.

அந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பார்க்க வந்தவர்கள் போன பிறகு, பொழுது சாயும்போது எல்லாவற்றையும் கலைத்துவிட வேண்டும். நாற்காலியை உள்ளே தள்ளி, புத்தகத்தை மூடி, செருப்பை வாசலைப் பார்க்கத் திருப்பி, கடைசியாகத் தலையணையைத் தட்டிப் பள்ளத்தை எடுத்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். மறுநாள் காலை திரும்பப் போடப் போகிற பள்ளத்தை ஏன் எடுக்க வேண்டும்? யாரும் கேட்டதில்லை. எல்லோரும் செய்தார்கள்.

இந்த வீடு மூன்று மாடி. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு, கூட்டமான பஸ்ஸில் மூச்சை இழுத்துப் பிடித்து நிற்கிறவனைப் போல ஒடுங்கி நிற்கும். நூறு வயது தாண்டியது. 'வரலாற்றுச் சிறப்புமிக்க இல்லம்' என்று புரோக்கர் விளம்பரம் போட்டிருந்தார். புரோக்கர் பாஷையில் வரலாறு என்றால் குழாயில் தண்ணீர் யோசித்துத்தான் வரும். ஆனால் இந்த வீட்டை நிஜமாகவே இழைத்து இழைத்துப் புதுப்பித்திருந்தார்கள். தேக்குப் படிக்கட்டு, வர்ணக் கண்ணாடி, பித்தளைக் கைப்பிடி. நடு மாடியில் ஜன்னலை ஒட்டி மெத்தை போட்ட ஒரு இருக்கை. வெளியே மரக்கிளை கண்ணாடியை உரசிக்கொண்டிருக்கும்.

அந்த இருக்கை மேல் சித்திக்கு ஒரு கண்.

பேக்கரிக்காரருக்குத் தொப்பை மாதிரி, சித்திக்குப் பொறாமை தொழில் வியாதி. ஜோடித்த ஒவ்வொரு வீட்டுக்காகவும் ஒரு வாரம் வயிறு எரிவாள். வாடகைக்கு இருக்கும் இரண்டு அறைக்குத் திரும்பி, சித்தப்பாவைக் காரணமில்லாமல் திட்டினால் சரியாகிவிடும். ஆனால் இந்த வீட்டுக்குச் சித்தப்பா போதவில்லை. அந்த ஜன்னலோரத்தில் தான் உட்கார்ந்திருக்கிற மாதிரி கனவே வந்தது.

அன்று கலைத்து வைக்கத்தான் வந்தாள். உள்ளே இன்னும் பேச்சுச் சத்தம். நடு மாடிக்கு ஏறினால், ஜன்னலோர மெத்தையில் காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறது யார்? கொழுந்தன் பெண்டாட்டி. குடும்பத்தில் எல்லோருக்கும் 'சின்னவள்'.

"அய்யோ அக்கா! நீங்க எங்க இங்க?"

"இந்தம்மாதான் மேடம் வீட்டை செட் பண்ணினது" என்றார் புரோக்கர்.

"அதான பார்த்தேன்! கை மணம் தெரியுதே. உங்க வீட்டையும் இப்படி வச்சுக்கலாமேக்கா..." சின்னவள் ஒரு நொடி யோசித்தாள். "ஆனா அதுக்கு இடம் வேணும், இல்ல?"

"ஆமாம்மா. இடம் வேணும்."

"நாளைக்கு அவரைக் கூட்டிட்டு வந்து முடிச்சிடப் போறேன். காலையில இங்கதான் உக்காந்து காபி குடிப்பேன். நீங்களும் வாங்கக்கா, ஒரு நாள்."

ஒரு நாள். அந்த இரண்டு சொல்லில்தான் எல்லாம் போயிற்று.

அவர்கள் கிளம்பினார்கள். சித்தி தனியாக நின்றாள். கலைக்க வேண்டும்... கலைக்கவில்லை. அதற்குப் பதில் இன்னும் ஜோடித்தாள். இங்கே ஏற்கெனவே யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்தால், சின்னவள் ஓடிவிடுவாள் இல்லையா? ஜன்னலோர மெத்தையில் உட்கார்ந்து எழுந்து ஒரு ஆழமான பள்ளம். பக்கத்தில் பாதி குடித்த தேநீர். குளியலறையில் காலை நனைத்துக்கொண்டு, அங்கிருந்து ஜன்னல் வரை ஈரக் காலடி. எல்லாம் முடிந்ததும், காலி வீட்டைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்:

"யாரா இருந்தாலும் சரி, நீயே இரு. அவ மட்டும் வரக் கூடாது."

கிளை கண்ணாடியை உரசியது. கிர்ர்...

பூட்டும்போது ஒரு வாசனை. பாச்சை உருண்டை வாசனை. அந்த வீட்டு அலமாரிகளில் ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது... துணியே இல்லாத வீட்டில் பாச்சை உருண்டை எதற்கு?

மறுநாள் சாயங்காலம் புரோக்கரிடமிருந்து போன். "வாழ்த்துகள்மா. உங்க சொந்தக்காரங்க கையெழுத்துப் போட்டுட்டாங்க. ஆனா ஒண்ணு... ஜோடிச்சதை எல்லாம் ஏன்மா அதுக்குள்ள எடுத்தீங்க? நேத்து யாரோ குடியிருக்கிற மாதிரி இருந்துச்சு. இன்னிக்கு வெறும் ஃபர்னிச்சர் கடை மாதிரி இருக்கு."

"நான் எடுக்கலையே."

"சால்வை இல்ல, செருப்பு இல்ல, புத்தகம் இல்ல. கப்பைக் கழுவிக் கவுத்து வச்சிருக்கு. பின்ன யார் எடுத்தது?"

சித்திக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. கையெழுத்து என்ற சொல்லோடு காது அடைத்துவிட்டது. பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை, சின்னவள் காபி குடிப்பதையே நினைத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய மாடிப்படியில் ஏறும்போதுதான் மூக்கு விழித்துக்கொண்டது.

பாச்சை உருண்டை.

கதவு திறந்தே இருந்தது. முன்னறையில் சித்தப்பா பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்தார். எதிரில் இருந்த நாற்காலி ஒரு சாண் இழுத்து, வாசல் பக்கம் திருப்பி வைத்திருந்தது. அதன் கையில் சாம்பல் நிறச் சால்வை. மேசையில் பாதியில் கவிழ்த்த நாவல்.

"என்னங்க இது... யார் வந்தாங்க?"

சித்தப்பா நிமிர்ந்தார். புன்னகைத்தார். இருபது வருடத்தில் சித்தி பார்த்திராத ஒரு புன்னகை. சித்தியைப் பார்த்து இல்லை. நாற்காலியைப் பார்த்து.

"இன்னொரு டீ போடட்டுமா?" என்று கேட்டார்.

சித்தி உள்ளறைக்கு ஓடினாள். அவ்வளவு பெரிய வீட்டை விட்டுவிட்டு, தேக்கையும் பித்தளையையும் விட்டுவிட்டு, அது இந்த ஓட்டை வீட்டுக்கு எதற்கு வர வேண்டும்? இங்கே பொறாமைப்பட என்ன இருக்கிறது? அவளுக்குப் புரியவே இல்லை. இந்த வீட்டைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்கள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

கட்டிலடியில் வீட்டுச் செருப்பு, அவளுடையது, வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தது. சித்தப்பாவின் தலையணையில் வழக்கமான பள்ளம். பக்கத்தில் அவளுடைய தலையணை... இருபது வருடமாக அவள் தலையே தோண்டின பள்ளம் அதில் உண்டு. தட்டியும் போகாத பள்ளம்.

தட்டி எடுத்திருந்தது. சுத்தமாக, சமமாக. தொழில் தெரிந்த கை. பள்ளத்தை எடுத்தால் ஆளையே எடுத்த மாதிரி.

தொட்டுப் பார்த்தாள். தட்டின இடம் இன்னும் சூடாக இருந்தது...

போன லீவில் கண்ணாடிக்காரன் சித்தி வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தான். சித்தி நல்லா இருக்காங்கடா என்றான். முன்னைவிட நல்லா. வேலையை விட்டுட்டாங்க. யாரைப் பார்த்தும் வயிறு எரியறதில்லை. சித்தப்பாவைத் திட்டறதே இல்லை. துணியில மட்டும் எப்பவும் ஒரு பாச்சை உருண்டை வாசனை.

ஒரு நாள் அவனையும் கூட்டிக்கொண்டு சின்னவள் வீட்டுக்குக் காபி குடிக்கப் போயிருக்கிறாள். சின்னவள் கண்ணுக்குக் கீழே கறுப்பு. தூக்கமே இல்லையாம்.

"இந்த மெத்தையைப் பாருங்கக்கா. எத்தனை தட்டினாலும் காலையில ஒரு பள்ளம். யாரோ ராத்திரி பூரா உக்காந்திருந்த மாதிரி. நான் உக்காந்தா, யாரோ வயிறெரிஞ்சு பாக்கற மாதிரி சுருக்குன்னு குத்துது. வித்துட்டுப் போயிடலாமான்னு இருக்கு."

சித்தி எழுந்து ஜன்னலோரம் போனாள். கொஞ்ச நேரம் அந்தப் பள்ளத்தையே பார்த்தாள், தெரிந்த ஆளைப் பார்க்கிற மாதிரி. பிறகு உள்ளங்கையால் ஒரே ஒரு தட்டு.

"இனிமே வராது" என்றாள்.

வரவில்லை. மெத்தை அன்றிலிருந்து சமமாகத்தான் இருக்கிறதாம்.

கண்ணாடிக்காரன் மட்டும் அந்த நேரத்தில் மெத்தையைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சித்தி தட்டின மறு நொடி கண்ணாடியில் ஒரு வட்டம் பூத்ததாம்... மூச்சு பட்டால் பூக்குமே, அந்த மாதிரி. மறைந்தது. திரும்பப் பூத்தது. சின்னவள் சேலைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

வெளிப்பக்கம் இருந்தது.