உலக நடப்புக்கு ஒரு வரிசை

சனிக்கிழமை மதியம், சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே, ஹால் வாசலில் இரண்டு பேர் வரிசையாக நின்றார்கள். நான் மூன்றாவதாகப் போய் நின்றுகொண்டேன். என் காதில் பாட்டு ஓடாத இயர்ஃபோன் இருந்தது; எனக்குக் கேட்காது என்று நினைத்து அவர்கள் தாராளமாகப் பேசினார்கள்.

"போன மாசம் உலக நடப்பு உரைக்கு யாருமே வரலண்ணே. பேராசிரியர் காலி நாற்காலிகிட்டதான் பேசினாரு. இன்னிக்கும் இருபது பேர் வரலன்னா ஹாலை லைன் டான்ஸுக்குக் குடுத்துருவாங்க."

"அதுக்குத்தான கலா, நாமளே கியூ நிக்கிறோம். நம்ம ஊர்ல கியூவப் பாத்தா எதுக்குன்னு கேக்க மாட்டாங்க லா. நின்னுட்டுதான் யோசிப்பாங்க."

"பின்னாடி ஒருத்தர் சிக்கிட்டாரு."

"திரும்பாத. பிரியாணின்னு நெனச்சிருப்பாரு."

"பாவம்ணே, வீட்லேர்ந்து டப்பா வேற கொண்டாந்திருக்காரு."

டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். போய்விடலாம் என்று திரும்பினால், எனக்குப் பின்னால் வரிசை மின்தூக்கி வரை நீண்டிருந்தது.

"இருபது ஆயிடுச்சுண்ணே!" என்றார் கலா, கிட்டத்தட்ட அழுகிற குரலில்.

என்னையும் சேர்த்துத்தான் எண்ணியிருந்தார். நான் நகரவில்லை. உலகத்தின் மேல் அக்கறை எல்லாம் இல்லை. இவ்வளவு பேருக்கு முன்னால் கிடைத்த மூன்றாவது இடத்தை யாராவது விடுவார்களா?